தர்மலிங்கம் மாஸ்டரின் விமானம்

1986 ஜூலை 6, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். சர்ச் பூசைக்கு நாங்கள் மூன்று பேர், குடை ஒன்று. வலது தோள் முழுக்க நனைந்தது.

வந்ததும் கண்ணாடி அலுமாரி துடைத்தேன். ஞாயிறு என்றால் ஐந்து பொம்மைகளையும் ரோபோவாக நிறுத்துவது. மற்ற நாட்களில் வண்டி, கடிகாரம் என்று மடித்து வைப்பது.

சிவப்புக் கார் – கொழும்பு நடைபாதையில் வாங்கியது.
கைக்கடிகாரம் – குவைத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, ஓடவில்லை என்று என் கடிகாரக் கடையில் விட்டுப்போனது. இப்போது நேரமும் காட்டுகிறது, மடக்கினால் ஆளாகவும் நிற்கிறது.
மஞ்சள் லொறி – இடது கை நான் செய்தது, பழைய அலாரம் கடிகாரத்துப் பித்தளையில்.
ரயில் எஞ்சின் – கால் தளர்வு.
துப்பாக்கி – ஃபாதர் வந்தால் ரோபோவாக மட்டுமே.

பூசை முடிந்து போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. இன்று இரண்டே பேர். மற்றவர்கள் எதிர் மாடிக்கு.

எதிர் மாடியில் தர்மலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணம். கணக்கு வாத்தியார், தனியாக அறை எடுத்து இருக்கிறார். போன வருஷம் என் அலுமாரியைப் பார்க்க வந்துதான் பழக்கம். அப்போது அவரிடம் ஒரு ரோபோகூட இல்லை. அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தவன் நான். பிறகு ஜெர்மனியிலிருக்கும் தம்பிக்கு எழுதினார். பார்சல் பார்சலாக வருகிறது. இப்போது ஆறு. என்னுடையதைவிட ஒன்று கூட.

பேர் முழுக்க எழுத அலுப்பு. இனி த.மா.

ஜூலை 9, புதன்

மழை. கடையில் சுவர்க்கடிகாரம் இரண்டு, தோட்ட ஆபீஸ் கிளாக்கரின் கைக்கடிகாரம் ஒன்று. தண்ணீர் புகுந்தது.

மகள் ரீட்டா த.மா.விடம் கணக்குப் படிக்கப் போகிறாள். திரும்பி வந்தால் கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏழாவது வந்துவிட்டதாம். விமானம். சாம்பல் நிறம். மூக்கு மடங்கி நெஞ்சாகிறதாம், இறக்கை முதுகுக்குப் போகிறதாம். சோறு பிசைந்த கையாலேயே செய்து காட்டினாள்.

"நம்ம லொறிய விட ரெண்டு மடங்கு உசரம்ப்பா."

சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பிலோமினா உப்புக் குறைவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 12, சனி

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பலகைத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து ஏழையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொன்றின் முன்பும் சின்ன அட்டையில் பெயர், மணியான எழுத்து. பின்னால் அதனதன் பெட்டி. ஒரு மூலைகூடக் கசங்கவில்லை. என்னிடம் பெட்டி எதற்கும் கிடையாது.

குறைகள்: கண்ணாடி இல்லை, தூசி படியும். ஜன்னல் பக்கம், வெயில் பட்டால் நிறம் போகும். (இந்த ஊரில் என்ன வெயில்.) ஆளாகத் திருப்பத் தெரியவில்லை, முழங்காலை அமுக்குகிறார்.

விமானத்தை என் கையில் தந்தார். கனம். இரும்பு. மூட்டு ஒவ்வொன்றும் 'டிக்' என்று விழுகிறது, நல்ல கடிகாரம் மாதிரி. திருப்பிக் கொடுக்க நேரமெடுத்தேன்.

பிலோமினாவும் வந்திருந்தாள். படியிறங்கும்போது சொன்னாள், "அவரு அடுக்கி வச்சிருக்கிற நேர்த்தியப் பாருங்க." பார்த்தேன்தானே.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. ஒருவரும் வரவில்லை. பெயர் எழுத அட்டை வெட்டினேன். 'லொறி' என்று எழுதிப் பார்த்தேன், கோணல். அடுப்பில் போட்டாயிற்று.

ஜூலை 17, வியாழன்

எழுதத்தான் வேண்டும். வேறு யாரிடம் சொல்வது.

பகல் இரண்டு மணிக்கு த.மா. கடைக்கு வந்தார். துவாய்த் துணியில் சுற்றிய விமானம். பாதி விமானம், பாதி ஆள். இடுப்பில் இறுகிவிட்டது.

"முத்தண்ணை, திரும்புதில்லை. நான்தான் அமத்திப் போட்டன் போல. ஒருக்காப் பாருங்கோ."

லென்ஸைக் கண்ணில் வைத்து, இரண்டு திருகாணி கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன இரும்புப் பின், துளையிலிருந்து நழுவியிருந்தது. அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல.

"உள்ள சக்கரப் பல்லு முறிஞ்சிருச்சுங்க மாஸ்டர்," என்றேன். "இதுக்கு உதிரி நம்ம பக்கம் கிடைக்காது."

வாயிலிருந்து வந்தபிறகுதான் நானே கேட்டேன்.

அவர் விமானத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்கள் சொன்னாச் சரிதான். உங்களுக்கு மேலை ஆரிட்டைக் காட்டுறது? நீங்களே வைச்சிருங்கோ அண்ணை, வேறை ஒண்டுக்குப் பாகமாவது உதவும்." துவாயை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் கடைக்கதவைப் பாதி சாத்தினேன். சாமணத்தால் பின்னைப் பிடித்துத் துளையில் விட்டேன். ஒரு துளி எண்ணெய். மூக்கு மடங்கியது. இறக்கை முதுகுக்குப் போனது. டிக், டிக். மூன்று முறை திருப்பினேன். சந்தோஷம்தான். வேறு என்னவென்று யோசிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

தூறல். விமானம் கடை மேசை லாச்சியில், பழைய கடிகார வார்களுக்கு அடியில். அலுமாரியில் வைக்க முடியாது. முறிந்தது என்று சொன்ன சாமானை எப்படி நிறுத்தி வைப்பது? ஊரிலேயே நல்லது என்னிடம்தான் இருக்கிறது, காட்ட வழியில்லை.

இன்றும் கூட்டம் எதிர் மாடிக்குத்தான். ஆறு போதும் போலிருக்கிறது அவர்களுக்கு. விமானம் எங்கே என்று ஒருவர் கேட்க, முத்தண்ணையாலேயே முடியாமல் போன கேஸ் என்று த.மா. சொன்னாராம். ரீட்டா வந்து சொன்னாள். அதுவும் பிடிக்கவில்லை எனக்கு.

ஜூலை 27, ஞாயிறு

த.மா.வுக்கு ஊர்ப்பக்கம் மாற்றம். அடுத்த ஞாயிறு காலை பயணம். அம்மாவுக்கு முடியவில்லை, அவரே கேட்டு வாங்கியது.

கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு அவரே வீட்டுக்கு வந்தார். ஆறையும் என்னிடம் விட்டுப்போகிறாராம். வழியெல்லாம் சோதனை, துப்பாக்கி வைத்த பொம்மைகளைக் கொண்டுபோனால் விளக்கம் சொல்லியே நாள் போகும் என்றார். பெட்டிகளும் எனக்குத்தான். இனி அதெல்லாம் உங்கட பிள்ளைகள் என்று சொல்லிச் சிரித்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார், ஒரு குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

எனக்கு அது முடியுமா? காலாடுகிற அந்த எஞ்சினைக்கூடக் கொடுக்க மாட்டேன். இதிலும் அவர்தான் மேலே.

ஆகஸ்ட் 2, சனி

வீட்டில் த.மா.வுக்கு விருந்து. கோழி, ரசம், அப்பளம். ஃபாதரும் வந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் பிலோமினா உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். கிறிஸ்மஸ் தாள் சுற்றியிருந்தது. நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே என்று பார்த்தேன். த.மா. பிரித்தார். விமானம்.

பிலோமினா வெள்ளிக்கிழமை லாச்சியில் ரீட்டாவின் கடிகாரத்துக்கு வார் தேடப்போய்க் கண்டெடுத்தாளாம். நான் ஒளித்துவைத்துச் செய்து முடித்திருக்கிறேன், பயண நாளில் கொடுக்கத்தான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டாலும் இவருக்கு மனசு கேக்கலிங்க மாஸ்டர். கடையில குந்திக்கிட்டு இதோடதான் மல்லுக்கட்டியிருக்காரு."

த.மா. மெல்லத் திருப்பினார். டிக், டிக். ஆளாக நின்றது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஃபாதர் என் முதுகில் தட்டினார். ரீட்டா என்னைப் பார்த்த பார்வை, இவ்வளவு நாளும் எதிர் மாடிக்கு மட்டும் கிடைத்த பார்வை.

அப்போது சொல்லியிருக்கலாம். "பெரிய வேலை இல்லிங்க மாஸ்டர்," என்றேன். பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஒன்றை மட்டும் கையோடு கொண்டுபோகிறாராம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். அலுமாரியில் பதினொன்று. பிலோமினா கோப்பைகளை அடுப்படிக்கு மாற்றி இடம் தந்தாள். வாசல் நிறையச் செருப்பு. அவர் எழுதிய அட்டைகளையே வைத்தேன். எல்லோரும் எழுத்தைத்தான் பாராட்டினார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை, காற்று. மின்சாரம் இல்லை. த.மா.வின் கடிதம்.

அம்மாவுக்குப் பரவாயில்லையாம். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். விமானம் என்ன என்று கேட்க, திருப்பிக் காட்டினாராம். ஒரு சின்ன வயசு ஆமிக்காரன் சிரித்துவிட்டானாம். 'ஆயெத், ஆயெத்' என்று சிங்களத்தில் இன்னும் ஒரு தரம் கேட்டு மற்றவர்களையும் கூப்பிட்டானாம். ஆறு தரம் திருப்பினாராம். பிறகு போகவிட்டார்களாம். "உங்கட கைவேலை ஒருக்காலும் இறுகேல்லை அண்ணை" என்று எழுதியிருக்கிறார்.

வாசித்ததும் முதலில் அந்த ஆமிக்காரன்மீது பொறாமை. நான் ஆசையாகத் திருப்பியது மூன்றே தரம், கதவைப் பாதி சாத்திக்கொண்டு.

பிலோமினா சத்தமாக இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். கைவேலை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் விறகு எடுக்க எழுந்து போனாள்.

பதில் எழுதினேன். நலம் விசாரிப்பு இல்லை, நாலு வரி. பல்லு முறியவில்லை. பின் நழுவியிருந்தது. பத்து நிமிஷ வேலை. உங்கள்மீது எனக்குப் பொறாமை.

மழையோடு போய்த் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.