வரிக்கு வரி ஒரு கோடு

மார்ச் 16
நூலக வேலை முடிந்து வரும் வழியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாதக் கடைசியில் பம்பு நிலையத்தில் அவருக்குப் பணி ஓய்வு விழா. உரையை அவரே எழுதிவிட்டார், படிக்கத்தான் முடியவில்லை. கண் நோய் வந்ததிலிருந்து, வரியின் பாதியிலேயே பார்வை வேறு வரிக்கு வழுக்கிவிடுகிறது. இன்று வாசித்துக் காட்டினார். மனைவி பற்றிய வரியில் தொடங்கி, பழைய பம்பு பற்றிய வரியில் போய் விழுந்தார்: “முப்பது வருடமாக என் மனைவி ஓயாமல் சத்தம் போடும். எண்ணெய் விட்டால் அடங்கும்.”

சமையலறையிலிருந்து அண்ணி: “எனக்கா எண்ணெய் விடுறீங்க? ராத்திரி சாப்பாட்டுக்கு அந்தப் பம்புகிட்டயே போங்க!”

சிரித்து ஓய்ந்ததும், வேறு யாராவது வாசிக்கட்டுமே என்றேன்.

“முப்பத்து நாலு வருஷமா மீட்டர் படிச்சவன்டி நான். ஒரு தாளைப் படிக்க ஆள் வைக்கணுமா?”

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. ஏன் சொன்னேன்?

மார்ச் 17
வரிகளுக்கு நடுவே கோடு இருந்தால்? கண் தாண்டாது அல்லவா! உரையைக் கணினியில் தட்டி, ஒவ்வொரு வரிக்கும் கீழே சிறுகோட்டு விசையை அழுத்திக்கொண்டே போனேன். அழகாகத்தான் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன் — எல்லாம் மடங்கி, உடைந்து, ஒரே கலவரம்.

மார்ச் 18
அச்செடுத்துக் காட்டினேன். அண்ணி சொன்னது: “கோடா இது? எறும்பு வழி தவறிப் போன மாதிரி இருக்கு.”

மார்ச் 20
நூலகத்துத் தட்டச்சுக்காரி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “இதை ஒவ்வொண்ணா போடுவாங்களாக்கா? வரி முடியுற இடத்துல என்டர் தட்டுங்க. மொத்தத்தையும் செலக்ட் பண்ணுங்க. பார்டர்ல, வரிகளுக்கு நடுவுல வர்ற உள்கோடு மட்டும் குடுங்க.”

ஒரே தட்டு. ஏணிப்படி மாதிரி கோடுகள் இறங்கின. கைதட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில்!

மார்ச் 22
அண்ணன் ஒரு வரி விடாமல் வாசித்தார். முதலில் கோட்டின் மேல் விரலை வைத்து. அடுத்த தடவை விரல் இல்லாமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 30
அண்ணிக்கு நன்றி சொல்லும் வரியை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தேன், அழகுக்கு. அச்செடுத்து உறையில் போட்டாயிற்று.

மார்ச் 31
விழா மேடையில் நன்றாகப் படித்துக்கொண்டே வந்த அண்ணன் சட்டென்று நின்றார். என் கையில் இருந்த பிரதியைப் பார்த்தேன். ஐயோ — உள்ளே தள்ளிய வரிக்கு மேலேயும் கீழேயும் கோடே இல்லை! தள்ளினால் கோடு போய்விடும் என்று யார் கண்டது? யார் என்னை அழகு பார்க்கச் சொன்னது?

அவர் கண் தாளில் தேடுகிறது. எழுந்து மேடைக்கு ஓடலாமா?

முன்வரிசையிலிருந்து அண்ணியின் குரல்: “என்னங்க, அடுத்த வரி நான்தான்!”

கூடமே அதிர்ந்து சிரித்தது. அண்ணன் தாளைத் தாழ்த்தி, அண்ணியைப் பார்த்தே அந்த வரியைச் சொன்னார். அது மனப்பாடம் போலிருக்கிறது. பிறகு அடுத்த கோட்டில் விரலை வைத்து, கடைசி வரி வரைக்கும் தானே படித்தார்.

ஏப்ரல் 6
அண்ணன் போன் செய்தார். “போன வருஷம் பாதியில விட்டேனே, அந்தத் துப்பறியும் கதை... மிச்சத்தைக் கோடு போட்டுக் குடுப்பியா?”

“எத்தனை பக்கம் அண்ணா?”

“இருநூறுதான். கொலைகாரன் யாருன்னு நீ படிச்சிட்டு வாயை விட்டுடாதே.”

பத்துப் பக்கம் தட்டி முடித்துவிட்டேன். எந்த வரியையும் உள்ளே தள்ளவில்லை.