வெள்ளவயல் வகையும் ஜமீலாவின் விசாவும்

பிப். 13, திங்கள்
காலையில் பனி, பிறகு நல்ல வெயில். நீடாமங்கலம் பக்கத்துச் சோதனை வயல்களின் மகசூல் விவரம் வந்துவிட்டது. அதை 'ஆர்' என்ற கணினி மொழியில் எழுதிய எங்கள் ஒப்பீட்டு நிரலில் ஏற்றும் வேலை. வியாழன் விவசாயிகள் கூட்டம். புது சம்பா ரகம் தொடருமா, நிற்குமா என்று அன்று முடிவு.
ஜமீலாவுக்கு விசா வந்தாயிற்று. சனிக்கிழமை துபாய், கணவரிடம். இந்த நிரலை நானும் அவளும் சேர்ந்து எழுதினோம். அலுவலகத்தில் எனக்கு வேறு தோழி கிடையாது.

பிப். 14, செவ்வாய்
நிரலை ஓட்டிப் பார்த்தேன். புது ரகம் கடைசி இடம். மேலாளர்: "அப்ப விட்டுடலாம்மா."
மனசு ஒப்பவில்லை. அந்த ரகத்தை நட்டது பெரும்பாலும் பள்ளத்து வயல்களில். மழையில் தண்ணீர் நின்றபோது பக்கத்து ரகங்கள் அழுகின, இது நின்றது. நானே பார்த்தேன். நீர் நின்ற வயலை நீர் நின்ற வயலோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்காகவே நிரலில் 'வயல்' என்ற வகையின் பிள்ளையாக 'வெள்ளவயல்' என்று ஒரு வகை எழுதியிருந்தோம். மற்றதெல்லாம் தாயிடமிருந்து, ஒப்பிடும் முறை மட்டும் சொந்தம். அது ஏன் ஓடவில்லை?

பிப். 15, புதன்
கண்டுபிடித்தோம்! பழைய விவரத்தோடு சேர்த்த இடத்தில் வகைப் பெயர்கள் தலைகீழ். ஜமீலாதான் காட்டினாள்.
"இங்க பாரு மாலதி, 'வயல்' முன்னாடி நிக்குது, 'வெள்ளவயல்' பின்னாடி."
"அதனால?"
"ஆர் முன்னாலேர்ந்துதானே தேடும்? முதல் பேருக்கே முறை கிடைச்சிட்டா, அதையே ஓட்டிடும். பிள்ளை வரைக்கும் வராது."
வரிசையை மாற்றினோம். பள்ளத்தில் புது ரகம் முதலிடம். மேட்டில் சுமார்தான். அட்டவணை அச்சிட 'வெள்ளவயலு'க்குத் தனி முறை எழுதவில்லை. தாயின் முறையிலேயே அழகாக வந்தது. இருவருக்கும் வெங்காய பஜ்ஜி, என் செலவு.

பிப். 16, வியாழன்
கூட்டம். மேலாளர் புது அட்டவணையை வாசித்தார். பள்ளத்து வயலுக்கு மட்டும் இந்த ரகம் என்று முடிவு.
அப்பாவும் வந்திருந்தார். ஒரு காலத்தில் அந்த நீடாமங்கலம் பக்கத்திலேயே கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்தம், முழுக்கப் பள்ளம். நாற்காலியிலிருந்து எழுந்து, "எனக்கு ஒரு மூட்டை விதை எழுதிக்கங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பிப். 18, சனி
திருச்சி விமான நிலையம். ஜமீலாவின் அம்மா விசும்பல். தம்பி பெட்டிகளோடு மல்லுக்கட்டு. வாசலில் என்னைத் தனியாக இழுத்தாள்.
"அங்க ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தேன். திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. அவர்கிட்ட இன்னும் சொல்லலை."
"எப்ப சொல்லப்போற?"
"வேலை கிடைச்சதும்!"
சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திரும்பும் வழியில் அழுவேன் என்று நினைத்தேன். நல்ல தூக்கம்.