பெயரில்லாத கை

4 டிசம்பர் 1983, ஞாயிறு

ரிங்லெட் ஊர்ப் பஸ் நிலையச் சுவரில் நானும் என்னோடு சுவரோவியம் வரையும் தோழி ஸ்டெல்லாவும் இன்று ஊராரின் கைகளை வரைந்தோம். வருகிறவர் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். எங்களில் ஒருத்தி அதைச் சுற்றிக் கரியால் கோடு இழுப்பாள். கீழே அவரே தன் பெயரை எழுதுவார். நாங்கள் சேர்ந்து செய்ததில் இதற்குத்தான் இவ்வளவு கூட்டம்.

மாலையில் பார்த்தால் ஒரு கைக்குப் பெயரில்லை. அதில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. ஸ்டெல்லா வரைந்தது என்று நான் நினைத்தேன். நான் வரைந்தது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

எஸ்டேட்டிலிருந்து சாமான் வாங்க வந்த ஓர் அம்மா அதன்மேல் தன் கையை வைத்தார்.

"இது எம் மவன் கைதான் லா. பெக்டரி மெஷின்ல வெரலு போச்சு."

பக்கத்துக் கடைக்காரர் என் காதோடு சொன்னார்: "அந்தப் பையன் லோரி கவுந்து செத்து மூணு வருஷமாச்சு."

அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப வந்தான்?"

ஸ்டெல்லா, "காலையிலம்மா," என்றாள்.

"சாப்ட்டானா?"

இருவரும் தலையாட்டினோம். அவர் நிம்மதியாகப் பஸ் ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிறு திரிங்காப் ஊரில் வரைய வேண்டும். ஸ்டெல்லா வரமாட்டேன் என்கிறாள். தனியாக ஒரு சுவரின் முன் நிற்க எனக்கும் தைரியமில்லை.