றுக்கியா எழுதிய பைத்து

மணக்காடு, திருவனந்தபுரம்
ஹிஜ்ரி 1353, றஜபு பிறை 9

அல்லாஹ்வின் பேரால். ஆப்பிரிக்காக் கரையில், சான்சிபாரில் இருக்கும் என் கண்ணான மகன் உதுமான் கண்ணுக்கு உம்மாவின் ஸலாம். இங்கே நாங்கள் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறோம், அங்கே நீயும் றுக்கியாவும் ஆண்டவன் காவலில் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். வாப்பாவுக்கு இழுப்பு குறையவில்லை, ஐப்பசி மழை வேறு விடாமல் பெய்கிறது, சாலைக் கடைத்தெருவுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கிறாரா, வலியதுறையில் கப்பல் வந்ததா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரிக்கிறார், அவன் முகத்தப் பாத்துட்டா எனக்குப் போதும் என்கிறார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா, நீ போய் ஏழு வருஷம் ஆகிறது.

உன் கடிதம் வந்தது. பிள்ளை மவுத்தாகிவிட்டது, அடக்கம் செய்துவிட்டேன், இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது, றுக்கியாவை விலக்கிவிட்டு ஊர் வருகிறேன், கோட்டாற்றிலோ திருவிதாங்கோட்டிலோ நம் சனத்தில் பெண் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். என் பேத்தியை நான் மடியில் வைத்துப் பார்க்கவே இல்லை, அந்த வேதனை ஆறும் முன்பே இதுவா என்று உட்கார்ந்துவிட்டேன். மறுவாரம், உன் கடைக்குப் பக்கத்துக் கிட்டங்கியில் கிராம்பு சுமந்த தங்கையன் ஊர் திரும்பியவன், உங்கள் மருமகள் தந்தாள் என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே பிள்ளையின் சின்னச் சட்டை, அதோடு அவள் பிள்ளைக்காகப் பாடி எழுதிய பைத்து. நாம் தமிழை எழுதுகிற அதே அரபு எழுத்தில் அவள் தன் சுவாகிலிப் பாஷையை எழுதியிருக்கிறாள்.

வியாழன் அஸ்தமித்துப் பெண்கள் மாலைப் பாட்டு ஓதக் கூடியபோது அதை நான் ராகம் போட்டு வாசித்தேன். பொருள் தெரியாது, வாய் மட்டும் ஓடியது. பக்கத்து வீட்டு மாப்பிளைப் பெண் சைனம்பு எட்டிப் பார்த்தாள், அவர்கள் மலையாளத்தையும் இந்த எழுத்தில்தானே எழுதுகிறார்கள், இது ஞங்கட பாஷயல்லே இத்தா, பின்னெ எனக்கு ஒண்ணும் மனசிலாகல்லியே என்றாள். வாசிக்க வாசிக்க துனியா வந்தது, றிஸ்கு வந்தது, றூஹு வந்தது, உலகம், உணவு, உயிர் என்று நாம் அழும்போது சொல்லும் அதே அரபுச் சொற்கள்தான். மீதியை மறுநாள் நான் வாசிக்கக் கேட்டு, அந்தப் பாஷை பழகிய தங்கையன் சொன்னான், நீ குடிக்காத பால் என் உடுப்பை நனைக்கிறது மகளே என்று ஓர் அடி. எனக்கு அழுகை அடங்கவில்லை. கேட்டுக்கொண்டு படுத்திருந்த வாப்பா, நம்ம மருமவளா எழுதுனா என்று கேட்டார், அந்தச் சொல் அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை.

மகனே, காயல்பட்டினத்தில் வந்து இறங்கிய அரபியின் வம்சம் நாங்கள் என்று உன் மாமாமார் கல்யாணத்துக்குக் கல்யாணம் பீற்றிக்கொள்வார்கள். அவரைக் கைப்பிடித்த தமிழச்சியின் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் ஒரு பிள்ளை தவறியிருக்கலாம். இனி இங்கே எனக்கு என்ன என்று அவரும் கப்பல் ஏறியிருந்தால் நானும் இல்லை, நீயும் இல்லை. வருவதானால் அவளோடு வா. தனியாக வந்தால் வாப்பா கதவைத் திறப்பார், நான் எழுந்து வரமாட்டேன். அவர் கண் மூடுமுன் நீ வரவேண்டும் என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதற்காக இதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

அவளுக்கு இன்னும் பால் கட்டி வலித்தால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொல். சட்டையை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அல்லாஹ் உங்களுக்குச் சபுறையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தை றுக்கியா கையில் கொடு. இதுவும் அதே அரபு எழுத்து, அவளுக்குத் தெரிந்ததுதான், சத்தமாக வாசிக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி பொருள் சொல், நீ எனக்கு எழுதியதைப் பற்றிய வரியையும் விடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் உம்மா,
செய்தம்மாள்