பிள்ளையார் பந்தலுக்கு எதிரே

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே பனி கொட்டுகிறது என்றாய், இங்கே தாராவியில் டிசம்பரிலும் ஃபேன் ஓடுகிறது, மற்றபடி நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அம்மன் துணை.

போனில் சொன்னால் உன் அம்மா பிடுங்கிப் பாதியில் அவள் கதையாக்கிவிடுவாள், அதனால் எழுதுகிறேன். அவள் முட்டிவலிக்கு நான் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த மெத்துச் செருப்பு செம்பூரில் கோவில் வாசலில் காணாமல் போனது உனக்குத் தெரியும். தினமும் நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வேறு செருப்பில் அவளுக்குக் கால் ஊன்ற முடியவில்லை, வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். சரி என்று அதே ஆப்பைத் திறந்தேன். மீண்டும் வந்ததற்கு நன்றி என்று பெயர் சொல்லி வரவேற்றது, சைஸ், முகவரி எல்லாம் அதுவே வைத்திருந்தது, ஒரே அமுக்கு, பெரிய ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் சைஸில் அதுதான் கடைசி ஜோடியாம், பிறகு ஸ்டாக் இல்லை என்று காட்டியது. செருப்பு வர வேண்டிய அன்று டெலிவரிக்காரர் போன் செய்து, சேட், பந்தலே இல்லையே என்றார். அங்கேதான் இருக்கும், நல்லாப் பாரும் என்று நான் சத்தம் போட்டேன். முகவரி கிடைக்கவில்லை, பார்சல் திரும்பிப் போகிறது என்று மெசேஜ் வந்துவிட்டது. முகவரியை மாற்றப் பார்த்தால் இனி முடியாது என்றது, எங்கள் சேவை திருப்தியா என்றும் கேட்டது.

உன் அம்மா என்ன முகவரி கொடுத்தீங்க என்று போனை வாங்கிப் பார்த்தாள். பிள்ளையார் பந்தலுக்கு எதிரே. முதல் தடவை வாங்கியபோது பண்டிகை நேரம், பந்தல் இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளையாரக் கடல்ல கரைச்சு எத்தன நாளாச்சு, அந்த மனுசன் கடலுக்குள்ளயா போயித் தேடுவாரு என்றாள். பிறகு அவளே போன் போட்டாள். பாயி, திரும்பிப் போவாத, வீட்டயும் தேடாத, குழாயடியில சண்ட போடுற ராணி எங்கன்னு யார்ட்ட வேணா கேளு என்று தன் பெயரையே பாதி இந்தியும் பாதி திருநெல்வேலியுமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு மானம் போயிற்று. ஆனால் பார், டீ ஆறுவதற்குள் ஆள் வாசலில் நிற்கிறார். சந்து முக்கில் கேட்டதும் நாலு பேர் ஒரே திசையில் கை காட்டினார்களாம், பை தைக்கிற ஷாகிர் பாய் மிஷினை நிறுத்திவிட்டுக் கூடவே அழைத்து வந்திருக்கிறார். நாந்தான் கொண்டாந்து விட்டேன்னு அக்காட்ட சொல்லிருங்க, நாளைக்கு எனக்கும் தண்ணி வேணும்லா என்கிறார். இந்தச் சந்துக்கு ஒழுங்காகத் தண்ணீர் வருவது அவள் போட்ட சண்டையால்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, வீட்டில் இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

நேற்று தாதருக்குக் காய்கறி வாங்கப் போனோம். ஸ்டேஷன் பாலத்தில் நான் பாதிப் படியில் மூச்சு வாங்கி நிற்கிறேன், அவள் புதுச் செருப்போடு மேலே போய் நின்று, ஏங்க, உங்களுக்கும் ஒரு ஜோடி ஆர்டர் போடட்டுமா என்று கேட்கிறாள். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போயிற்று, நான் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேச மறக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா செல்லப்பாண்டி