ஒன்பதாவது கேள்வி

மாக் மாதம் 5, செவ்வாய் இரவு

காகிதக்கார மிஸ்ஸுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். ஹெட் சாருக்கு வேண்டாம், உங்கள் ஆபீஸுக்கு வேண்டாம், உங்களோடு ஜீப்பில் வருகிற கேமராக்காரருக்கு வேண்டவே வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மா ஒரு கை தூரத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

'மனதில் உள்ளதை எழுதிப் போடுங்கள்' என்று, பூகம்பத்துக்குப் பிறகு மனநல முகாம் போட வந்த நீங்கள் பள்ளியில் மாட்டிய பெட்டியில் இதுவரை மிட்டாய்க் காகிதம்தான் விழுந்திருக்கும். முதல் கடிதம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். எனக்கு ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். மாக் 26 அன்று தகுதித் தேர்வு. அதில் தேறினால்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவார்கள். புதுக் கட்டடத்தில், இரும்புக் கதவை உள்ளே தாழிட்டுத்தான் ஹெட் சார் தேர்வு வைக்கிறார். இல்லாவிட்டால் அண்ணன்மாரும் மாமன்மாரும் கதவு வழியாக பிட் கொடுப்பார்கள். மாதிரித் தேர்வில் இரண்டு முறையும் நான் தாழைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிட்டேன். மூன்றாவது முறை ஓடினால் பெயர் கிடையாது என்றுவிட்டார். அப்புறம் மாமா என்னைக் காட்மாண்டுவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவார். பேசி முடித்தாயிற்று.

அதனால் எனக்கு வயிற்றுவலி, கதவருகே உட்கார வேண்டும், கதவைத் தாழிடக் கூடாது என்று சுகாதார நிலைய முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். பெட்டிக்குக் கீழே செங்கல் இடுக்கில் வையுங்கள்.

எழுத மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாயே கிடையாது. எங்கள் வகுப்பில் நீங்கள் நிரப்ப வைத்த இருபது கேள்விக் காகிதம் எப்படி நிரம்பியது தெரியுமா? நீங்கள் வெளியே போட்டோவுக்கு நின்றீர்கள். சோம் பகதூர் எழுந்தான்.

"ஏய், எல்லாத்துக்கும் 'தினமும்'னு போடுங்க. பயம் ஜாஸ்தி இருக்கிற வீட்டுக்குக் கூரை போட ரெண்டு தகரம் கூடுதலாம்."

"படுக்கையில மூத்திரம் போறியான்னு கேட்டிருக்குடா."

"போடு. ரெண்டு தகரத்துக்கு மூத்திரம் போனா என்ன கொறஞ்சா போயிடும்?"

முப்பது பேரும் போட்டார்கள். ஹெட் சார் மகனும் போட்டான். அதைத்தான் நீங்கள் தலையை ஆட்டி ஆட்டி, கண்ணில் நீர் கோத்து, பைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். 'வேதனையைப் புரிந்துகொள்ளும் முகாம்' என்று பேனரில் எழுதியிருந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆக, வயிற்றுவலி முழுப் பொய்யில்லை.

மெந்தோ தாமாங்
பத்தாம் வகுப்பு, வரிசை எண் 14


மாக் 6, புதன்

அன்புள்ள மெந்தோ,

நலமா என்று கேட்டால் திட்டுவாய். ஆனாலும் நலமா?

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சுகாதார நிலையத்தில் எரிவாயு இல்லை, விறகடுப்புதான், நன்றாக எரிந்தது.

தகரத்தின் கதை எனக்குத் தெரியாது. வகுப்பில் முப்பது பேருக்குக் கடுமையான பாதிப்பு என்று மாவட்டத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அவர்கள் பாராட்டி பதில் போட்டார்கள். எனக்கு இது வேண்டும்தான்.

முப்பத்தோராவது காகிதம் உன்னுடையது. எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'. வகுப்பிலேயே உனக்குத்தான் ஒன்றுமில்லை என்று எடுத்து வைத்தேன். பிறகு மறுபடி பார்த்தேன். பத்தொன்பது கேள்விக்குப் பென்சில் லேசாகத் தொட்டிருக்கிறது. ஒன்பதாவதில் மட்டும் அழுத்திய அழுத்தில் காகிதமே கிழிந்திருக்கிறது. 'நடந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்று தோன்றுகிறதா?' என்ற கேள்வி அது.

வயிற்றுவலி என்று எழுத மாட்டேன். பொய் என்பதால் மட்டும் சொல்லவில்லை. 'வெளிக்குப் போயிட்டு வந்து உக்காரு' என்று ஹெட் சார் கதவைச் சாத்திவிடுவார். உண்மையான சீட்டு என்றால் எழுதுவேன். அதற்கு நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாழ் விழுந்ததும் உனக்கு என்ன ஆகிறது?

பவித்ரா சுவால்


மாக் 12, செவ்வாய் இரவு

காகிதக்கார மிஸ்ஸுக்கு,

கிழிந்த காகிதத்தைப் பார்த்துப் பெரிய கண்டுபிடிப்பு! எங்கள் பெஞ்சில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, அதில் கிழிந்தது.

உங்களைப்போல் எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம். முதலில் வந்தவர்கள் கரடி பொம்மை கொடுத்தார்கள். பதினாறு வயதில் எனக்குக் கரடி பொம்மை. அடுத்து வந்தவர்கள் வண்ணப் பென்சில் கொடுத்து வீடு வரையச் சொன்னார்கள். வீடு இருந்தால் ஏன் வரைகிறோம்? கடைசியாக நீங்கள் வந்து, மூச்சை உள்ளே இழு, மெதுவாக விடு என்றீர்கள். பத்தாயிரம் அடி மலையில் பிறந்தவளுக்கு பக்தபூர் டவுன்காரி மூச்சுவிடச் சொல்லித் தருகிறாள்.

உங்களைவிட மேளம் அடித்துப் பேயோட்டும் எங்கள் போம்போ தேவலை. அம்மா சேவலோடு அழைத்துப் போனாள். விடிய விடிய மேளம் அடித்தார். அப்புறம் சொன்னார்: "பயத்துல இவளோட உள்ளுசுரு, சாத்தோ, உடம்பை விட்டு ஓடிடுச்சு. அந்த இடிஞ்ச வீட்டு வாசல்லயே நிக்குது. நானும் கூப்பிட்டுப் பார்த்தாச்சு, வர மாட்டேங்குது. யாருக்கோ காத்துக்கிட்டு நிக்குதம்மா." சேவலையும் தின்றார், சாத்தோவும் வரவில்லை. ஆனால் இருபது கேள்வி கேட்காமலே வாசல் வரை போய்விட்டார். நீங்கள் இன்னும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேட்டீர்களே, சொல்கிறேன். தாழ் விழும் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்க்கும். அதைத் தாங்கிவிடுவேன். தாமதமாக வருகிற பையன்கள் வெளியே நின்று கதவைத் தட்டுவார்கள். அப்போதுதான். காது அடைத்துவிடும். சோப்பு வாசனை வரும். அங்கே ஏது சோப்பு? அதற்குப் பிறகு நான் மைதானத்தில் நிற்பேன், எப்படி வந்தேன் என்று தெரியாது. ராத்திரியும் தட்டும் சத்தம் வரும். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார்கள். தட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

புத்தி கெட்டவள் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் இந்த மலையில் யார் மேல் ஒட்டினாலும் சாகும்வரை உரியாது. மாமா அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

வரிசை எண் 14


மாக் 13, புதன்

அன்புள்ள மெந்தோ,

போம்போவுக்கு என் வணக்கம். அவர் சொன்னதைத்தான் நானும் சொல்லப் போகிறேன், சேவல் இல்லாமல்.

ஆபத்து வந்தால் உடம்பு காவல்காரனை எழுப்பிவிடும். ஆபத்து போனதும் அவன் தூங்க வேண்டும். பலருக்கும் சில வாரங்களில் தூங்கிவிடுகிறான். சிலருக்கு மட்டும் அவன் தூங்குவதே இல்லை. அன்றைய சத்தமும் வாசனையும் இன்றைக்கு நடப்பதுபோல் வரும். அந்த இடத்தின் பக்கமே போகத் தோன்றாது. சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். எல்லார் மேலும் எரிச்சல் வரும். (உன் கடிதங்களை வைத்துச் சொல்கிறேன்.) எல்லாம் தன்னால்தான் என்று தோன்றும். பூமி ஆடி ஒன்பது மாதமாகியும் இவை தணியவில்லை என்றால் அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. அது மனதில் பட்ட காயம். உன் புத்திக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால்தான் இப்படித் திட்ட முடிகிறது.

ஹெட் சாரிடம் பொதுவாகப் பேசியிருக்கிறேன், தேர்வின்போது கதவு திறந்திருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது என்று. உன் பெயரைச் சொல்லவில்லை. கவலைப்படாதே.

பவித்ரா சுவால்


மாக் 15, வெள்ளி இரவு

மிஸ்,

பெயரைச் சொல்லவில்லையாம். இன்று காலை வரிசையில் நானூறு பேர் முன்னால் ஹெட் சார் சொன்னார்: "ஒரு மகாராணிக்குக் கதவு தொறந்தே இருக்கணுமாம். அதுக்காக நாமெல்லாம் குளிர்ல விறைச்சுச் சாகணுமாம். டாக்டர் சிபாரிசு!" ஊரில் தேர்வு அறையிலிருந்து ஓடியது நான் ஒருத்திதான். பெயர் எதற்கு? நானூறு தலையும் திரும்பியது. தண்ணீர்ப் பானையருகே சோம் பகதூர் இல்லாத கதவை எனக்குத் திறந்துவிடுவதுபோல் கையைக் காட்டி, "வாங்க மகாராணி" என்றான். வீட்டுக்கு வந்தால் மாமா: "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, இதுக்கு மண்டை கலங்கிடுச்சு."

உங்களுக்கு உண்மைதானே வேண்டும்? வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சனிக்கிழமை. பள்ளி இல்லை. அம்மா வயலில். தம்பி தாவாவுக்கு ஆறு வயது. என் அறிவியல் நோட்டு நிறைய லாரி வரைந்துவிட்டான். "அக்கா, ஹாரன்கூட போட்டிருக்கேன் பாரேன்" என்றான். முதுகில் ஒன்று வைத்து, அறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து திறக்கலாம் என்று குழாயடிக்கு இறங்கினேன். கண்ணில் சோப்பு இருந்தபோது பூமி ஆடியது.

அவன் தட்டினான். ஏழு தடவை. எண்ணியிருக்கிறேன். ஒரு காலைப்பொழுது முழுவதும் தட்டினான், மிஸ். போய்த் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தூசி.

கதவு ஏன் வெளியே தாழிட்டிருந்தது என்று அம்மா கேட்டாள். ஆட்டத்தில் தானாக விழுந்திருக்கும் என்றேன். நம்பிவிட்டாள். மலேசியாவிலிருந்து அப்பாவும் போனில் நம்பிவிட்டார்.

இப்போது உங்கள் காகிதத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள்? இனி எழுத மாட்டேன்.


மாக் 20, புதன்

மெந்தோ,

பெயரைச் சொல்லவில்லை என்பது என் முட்டாள்தனத்துக்கு நான் வைத்துக்கொண்ட சாக்கு. உன்னைக் கேட்காமல் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

'உன் தவறில்லை' என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கரடி பொம்மையோடு சேர்த்து அதையும் தூக்கி எறிவாய். தாழ் போட்டது நீதான். ஒரு குறும்புக்காரத் தம்பிக்கு எந்த அக்காவும் போடுகிற தாழ்.

ஆனால் காலைப்பொழுது முழுவதும் தட்டினான் என்று எழுதியிருந்தாய். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, பயந்த பிள்ளை தட்டுவதுபோல் ஏழு தடவை என் மேசையில் தட்டிப் பார்த்தேன். மூன்று விநாடி ஆயிற்று. நிதானமாகத் தட்டினால் ஐந்து. என்னை நம்பாதே. நீயே தட்டிப் பார். குழாயடியிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இதோடு சீட்டு வைத்திருக்கிறேன். நீயே படி. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வருவேன், ஜீப் இல்லாமல், தனியாக. வாசலில் நின்று கத்த மாட்டேன். மூன்று தடவை தட்டுவேன். நீ திறக்காவிட்டால் கோபமில்லை. திரும்பிப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை வருவேன்.

பவித்ரா


மாக் 23, சனி, இன்னும் விடியவில்லை

அக்கா,

இதைப் பெட்டியில் போடப் போவதில்லை, கையில் தருவேன். அதனால் யாருக்கும் காட்டாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை.

உங்கள் மேசைக் கணக்கை நான் நம்பவில்லை. இப்போது இருக்கிற தகரக் கொட்டகைக் கதவில் தட்டிப் பார்த்தேன். நான்கு விநாடி. இரண்டு தடவை தட்டினேன், நான்குதான். பிறகு பழைய வீட்டுக்குப் போனேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. குழாயடியிலிருந்து வாசலுக்கு முப்பத்தெட்டுப் படி. வாசல் இல்லை, படி இருக்கிறது. ஆடாத பூமியில், கண்ணில் சோப்பு இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன். இருபத்தாறு விநாடி. மறுபடி ஓடினேன். இருபத்தைந்து. மறுபடி. இருபத்தேழு.

வேலியோரம் சோம் பகதூர் நின்றிருந்தான். "என்னடி, ஒலிம்பிக்ஸுக்குப் போறியா?"

"உனக்குப் படுக்கையில மூத்திரம் போறது நின்னுடுச்சாடா?"

போய்விட்டான். குழாயடியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று எண்ணவில்லை. பிறகு அந்தக் குழாயிலேயே தலைக்குக் குளித்தேன். மாக் மாதத்து ஐஸ் தண்ணீர். இருமல் வந்துவிட்டது, அதற்கு நீங்கள்தான் மருந்து தர வேண்டும்.

நான்குக்கும் இருபத்தாறுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ராத்திரி ஒரு பாதி நேரம் நம்புகிறேன், ஒரு பாதி நேரம் நம்பவில்லை. இதற்குத்தான் சிகிச்சை என்று சொன்னீர்களா? சரி, பார்ப்போம்.

சீட்டை நேற்று ஹெட் சாரிடம் நானே கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "புத்திக் கோளாறு இல்லைன்னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு உனக்குக் கதவு?"

"அடுத்த வரியையும் படிங்க சார்."

படித்தார். மனதில் பட்ட காயம், கதவைத் தாழிடக் கூடாது என்ற வரி அது. முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஒரு தேர்வுக்குத்தான். காவலுக்கு பியூனை வாசல்ல உக்கார வைப்பேன். குளிருதுன்னு யாராவது சொன்னா உன்னைத்தான் கை காட்டுவேன்." காட்டட்டும். பதினான்காம் நம்பர் பெஞ்சு இப்போது கதவை ஒட்டிக் கிடக்கிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது சொல்லப் போகிறேன். அவள் அடித்தால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அழுதால், அப்போதும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். காகிதம் நிரப்பத் தெரியாவிட்டாலும் அதற்காவது பயன்படுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வெளுத்துவிட்டது. அம்மா அடுப்பை ஊதுகிறாள். தேநீருக்கு மூன்று கிளாஸ் எடுத்து வைத்தேன். "மூணாவது யாருக்குடி?" என்கிறாள். நீங்கள் ஒருவேளை வராமலே இருந்துவிட்டால், நான் உங்களை

தட்டுகிறீர்கள்.

ஒன்று. இரண்டு. சோப்பு வாசனை வருகிறது. வரட்டும். மூன்று.

அம்மா எழுந்துவிட்டாள். "நீ இரும்மா, நானே திறக்கிறேன்" என்று