வூட்டுக்காரரு தூங்கறாரு

இன்று காலை நம் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது உன் பாட்டு கேட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மகள் கையிலிருந்த போனில் எவனோ அதைக் கானாவாகப் பாடிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, இதக் கேளுங்க, செம காமெடி" என்று என் காதருகே நீட்டினாள்.

சாஃப்ட்டை மூடி நாளாச்சு, சங்கும் அடங்கிப்போச்சு,
என் ஷிப்ட்டு எப்ப முடியும்டா, வூட்டுக்காரி தூங்கறா.

வூட்டுக்காரியாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ கட்டிய பாட்டில் தூங்கியது, தங்கச் சுரங்கத்துச் சாஃப்ட்டை மூடி, ஷிப்ட்டுக்கு ஊதும் சங்கும் நின்றபின் வேலையில்லாமல் கிடந்த வூட்டுக்காரர். இருட்டோடு எழுந்து சோறாக்கி, டப்பா கட்டி, ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, பெங்களூர் கார்மெண்ட்ஸில் நாள் முழுக்க மிஷின் மிதித்தவள் நீ. சொல்லின் வாலைத் திருகி, உன்னையே தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டான் அந்தப் பயல். கடைசி வரியில் தன் பேரையும் சொருகியிருக்கிறான்.

இதே ரயிலில் சீட் பலகையில் தாளம் தட்டி நீ எடுத்துக் கொடுப்பாய். நம் மூலையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் பின்பாட்டு. பங்காருப்பேட்டை வருவதற்குள் புதுச் சரணம் ஒன்று பிறந்துவிடும். அங்கே ஆம்பளைகள் நெருக்கியடித்து ஏறியதும் வாயை மூடிக்கொள்வாய். "கானாவெல்லாம் ஆம்பளைங்க பாடறதுடி. நம்மள ஒப்பாரிக்குத்தான் கூப்புடுவாங்க" என்று சிரிப்பாய். அப்படியும் எவன் காதில் விழுந்ததோ.

நான் டிகிரி முடித்தவள், உன் கம்பெனியிலேயே ஆபீஸ் வேலை. ஆண்டுவிழா மலரில் ஒரு கவிதை எழுதினேன். அசட்டுக் கவிதைதான். என் வீட்டுக்காரர் அதைத் தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்தார். பத்தாவதோடு நிறுத்தப்பட்ட நீ பாடினால் மட்டும் அது கூத்து! உன் பேரைச் சேர்த்துப் பாடு, போனில் பதிந்து வைக்கிறேன் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்.

"இன்னாடி பேசற? வூட்டு விஷயத்த ரயில்ல பாடறதே தப்பு. இதுல பேரு வேறயா? அவருக்கு அசிங்கம். நாளைக்குப் பொண்ணுக்கு மாப்ள பாக்கணும்" என்றாய். உனக்கு அது வெறும் பயமில்லை, நீ நம்பிய நியாயம். அதனால்தான் என்னால் அதை உடைக்க முடியவில்லை.

உன் மகளிடம் சொன்னேன், இது உங்கம்மா கட்டின பாட்டு என்று. அவள் போனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போங்க ஆன்ட்டி. எங்கம்மாவுக்குப் பாட்டே புடிக்காது. டிவில பாட்டு வந்தாலே ஆஃப் பண்ணிடுவாங்க."

அடிப்பாவி! வீட்டில் ஒரு முணுமுணுப்புகூட இல்லையா? மிஷின் மிதித்து எஞ்சினியரிங் படிக்கவைத்த பெண்ணிடமுமா மறைத்தாய்? அந்தப் பயல்மேல் இருந்த கோபமெல்லாம் உன்மேல் திரும்பிவிட்டது. உன் பாட்டை அங்கேயே தொண்டை கிழியப் பாடினேன். வூட்டுக்காரரு என்ற இடத்தில் அழுத்திப் பாடினேன். நம் பழைய கூட்டம் தாளம் தட்டியது. உனக்கு அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

உன் மகள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். உன் பேரைப் போட்டுத்தான் அனுப்புவேன் என்றாள். பிறகு மெதுவாக, "அம்மா பாடினது ஒண்ணாவது இருக்கா, ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

உன் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். உன் குரலுக்கு நான் எங்கே போவேன்?